மேகநாத சாகா

இன்றைய வங்கதேசத்தின் டாக்கா நகருக்கு அண்மையிலுள்ள சியோராதலி என்னும் சிற்றூரில், சிறு கடைக்காரர் ஒருவரின் மகனாக 1893 அக்டோபர் 6ஆம் நாள் மேகநாத சாகா பிறந்தார். தொடக்கப் பள்ளிக்குப் பின் வேற்றூரில் மருத்துவர் ஒருவர் அவருக்கு உணவும் உறைவிடமும் அளித்தார்; உண்ட தட்டைத் தாமே கழுவ வேண்டும், பசுவையும் பேண வேண்டும் என்பன நிபந்தனைகள். பின்னர்க் கல்கத்தா விடுதியிலும் அவருடன் அமர்ந்து உண்ண மறுத்தோர் இருந்தனர். தருமபுரி மாவட்டத்தில் ஆசிரியப் பணி புரிந்த நமக்கு இச்செய்தி புதிதன்று.

சூரியனின் மேலுறையில் மிக உயரத்திலும் அயனியான கால்சியம் காணப்படுவது ஏன்? இவ்வினாவிற்கு 1920இல் சாகா விடை கண்டார். கால்சியம் அணு எலெக்ட்ரானை இழப்பதையும் திரும்பப் பெறுவதையும் அவர் வேதியியலின் மீள்வினையாகவே கருதிச் சமநிலைச் சமன்பாட்டை வகுத்தார்.

இதனை வினைவேகத்தின் வழியே விளக்குவோம். அயனியும் எலெக்ட்ரானும் சந்தித்தாலன்றி மீளிணைவு இல்லை; ஆதலின் அஃது இரண்டாம்படி வினை. இரண்டின் அடர்த்தியும் பத்திலொன்றானால் மீளிணைவின் வேகம் நூறிலொன்றாகும்; ஆனால் ஓர் அயனி காத்திருக்கும் காலம் பத்து மடங்கே. நம் மாணவர் பெரிதும் தடுமாறும் இடம் இதுவே. சந்தை கலைந்தபின் விற்பவர் வாங்குபவரைக் காணத் தாமதமாவதை ஒக்கும் இது. அழுத்தம் குறைந்த மேலடுக்கில் பிரிந்தவை எளிதிற் சேர்வதில்லை.

விண்மீனின் நிறமாலையிலிருந்து அதன் வெப்பநிலையைக் கணிக்க இச்சமன்பாடு வழிகாட்டியது. 1952இல் மக்களவை உறுப்பினரான சாகா, 1956 பிப்ரவரி 16 அன்று தில்லியில் திட்டக்குழு அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் காலமானார்.