மலைக்கு அந்தப் பக்கம் ஒரு விஞ்ஞானி

காந்தம் என்றதும் ஆணியும் குண்டூசியும் ஓடிவந்து ஒட்டிக்கொள்வதுதானே உங்கள் நினைவுக்கு வரும்? பென்சில் கரியைக் காந்தம் என்ன செய்யும் தெரியுமா? மிக மிக மெதுவாகத் தள்ளிவிடும்! கண்ணுக்குத் தெரியாத இத்தகைய விசைகளையும் அளந்து காட்டினார் ஒரு தமிழர்.

கடமலைக்குண்டிலிருந்து தென்கிழக்கே மலையைத் தாண்டினால் வத்திராயிருப்பு. அங்கே 1898 டிசம்பர் 4 அன்று பிறந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மதுரையிலும் படித்தார். பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரியில் செய்முறை வகுப்புகளைக் கவனித்துக்கொண்டார். மதிய இடைவேளையில் அவரிடம் யாரும் அறிவியல் சந்தேகம் கேட்கலாம். வேறு கல்லூரி மாணவர்கள்கூடத் தேடி வந்தார்கள்!

கல்கத்தாவில் சர் சி.வி. ராமனுடன் சேர்ந்து உழைத்தார். 1928-ல் ராமன் விளைவைக் கண்டறிந்ததில் அவருக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் நோபல் பரிசு ராமனுக்கு மட்டுமே கிடைத்தது. கிருஷ்ணன் சோர்ந்துவிடவில்லை. டாக்கா பல்கலைக்கழகத்தில் காந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

சின்னஞ்சிறு படிகத்தை மெல்லிய இழையில் கட்டி, காந்தத்தின் நடுவே தொங்கவிடுவார். இழையின் மேல்நுனியை முறுக்குவார். ஓரளவு வரை படிகம் தாக்குப்பிடிக்கும். பிறகு சட்டென்று திரும்பிவிடும். அந்த முறுக்கை அளந்தே, படிகத்தின் காந்தத்தன்மை திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிட்டார்!

1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். தமிழிலும் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். 1961-ல் மறைந்தார்.

நீங்களும் ஒரு சட்டக் காந்தத்தின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். அது எந்தத் திசையில் நிற்கிறது? ஏன்? நாளை வகுப்பில் தயங்காமல் கேளுங்கள்!