தாவரங்களின் தோழி ஜானகி அம்மாள்

எங்கள் எம்.ரெட்டியபட்டி கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். பொய்த்துவிட்டால் சீமைக் கருவேலம் மட்டும் பச்சைப் பசேலென்று நிற்கும். இயற்கைக் கழக மாணவியராகிய நாங்கள் சென்ற ஐப்பசியில் சிஸ்டருடன் கண்மாய்க் கரைக்குச் சென்றோம். செடிகளைச் சேகரித்து, தாளில் அழுத்தி, ஒட்டிக் கொண்டுவர வேண்டும் என்பது எங்களுக்கு இட்ட வேலை. எங்களுள் ஒருத்தியின் பாட்டி சொன்ன பெயர்களை முன்னரே எழுதிக்கொண்டோம். ஆவாரை, துத்தி, நன்னாரி, குப்பைமேனி, கோரை, நாணல் என்று பட்டியல் நீண்டது. ஆவாரையும் துத்தியும் உடனே அகப்பட்டன. நன்னாரியைத் தேடித் தேடி அலுத்தோம். நாணலோ மறுகால் ஓடையில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. மற்ற இடமெல்லாம் கருவேல முள். பாவாடை கிழிந்ததுதான் மிச்சம்!

வெறும் புல்லுக்காகவா இவ்வளவு பாடு என்று நாங்கள் முணுமுணுத்தபோது, அந்தப் புல்லை ஆராய்ந்தே உலகப் புகழ் பெற்ற அம்மையார் ஒருவரைப் பற்றிச் சிஸ்டர் கூறினார்கள். அவர்தாம் ஜானகி அம்மாள். பின்னர் நாங்கள் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

கேரளத்தின் தலைச்சேரியில் 1897 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4 ஆம் நாள் அம்மையார் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணன் நீதித்துறையில் பணியாற்றியவர். பறவைகளிலும் செடிகொடிகளிலும் அவருக்கு மிகுந்த ஈடுபாடு உண்டு. வீடு நிறையப் பிள்ளைகள். ஜானகி நம்மைப் போலவே கன்னியர் நடத்திய பள்ளியில் படித்தார் என்று அறிந்தபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. தலைச்சேரித் திரு இருதயக் கான்வென்டில் பயின்றபின் சென்னைக்கு வந்து, இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் கற்று, 1921 இல் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். பிறகு மகளிர் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியை ஆனார்.

அக்காலத்தில் அவ்வளவு படித்த பெண்ணுக்கு அடுத்தது திருமணம் என்றுதான் வீட்டார் நினைப்பர். இவருக்கும் மாப்பிள்ளை பேசினர். ஆனால், ஆசிய நாட்டுப் பெண்களுக்கென வழங்கப்பட்ட பார்பர் உதவித்தொகை இவருக்குக் கிடைத்தது. அம்மையார் கப்பல் ஏறிவிட்டார்! அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும், 1931 இல் முனைவர் பட்டமும் பெற்றார். கடைசிவரை அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

திருவனந்தபுரத்தில் இரண்டாண்டுகள் பேராசிரியையாக இருந்தபின், 1934 இல் கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்தார். இங்கேதான் எங்கள் நாணல் கதைக்குள் வருகிறது. தித்திப்பும் பருமனும் உள்ள கரும்பு எளிதில் நோய்க்கு இரையாகிவிடும். நாணலோ தித்திக்காது, ஆனால் வறட்சியையும் நோயையும் தாங்கும். பேய்க்கரும்பு என்றும் அதைச் சொல்வார்கள். கரும்பின் காட்டு உறவு அது. இவ்விரண்டையும் கலந்து அந்த நிலையத்தார் உண்டாக்கிய கோ 205 என்னும் கரும்பு 1918 இலேயே வயலுக்கு வந்துவிட்டது. அந்தக் கலப்பின் உள்விவரத்தைக் கண்டறிவதே அம்மையாரின் பணி. உயிரணுவுக்குள் குரோமோசோம் என்னும் நுண்ணிய இழைகள் உள்ளன. பெற்றோரின் பண்புகள் அவற்றின் வழியாகவே பிள்ளைகளுக்கு வருகின்றன. தித்திக்கும் கரும்பில் அவை 80. நாணலிலோ இடத்துக்கு இடம் மாறி 40 முதல் 128 வரை உண்டு. பார்வைக்கு ஒரே புல். உள்ளே இத்தனை வேறுபாடு! அவற்றை அம்மையார் நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். கரும்பைச் சோளப் புல் வகைகளோடும் மக்காச்சோளத்தோடும்கூடக் கலந்து பார்த்தார்.

அங்கே அவருக்கு எல்லாம் எளிதாக இருக்கவில்லை. ஆண்கள் நிறைந்த இடத்தில் தனித்து வாழும் பெண். பிறந்த சாதியையும் சிலர் மறக்கவில்லை. 1939 இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குச் சென்றவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். இலண்டனில் குண்டு விழும் இரவுகளில் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாராம். விடிந்ததும் அலமாரிகளில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிவிட்டு ஆராய்ச்சியைத் தொடர்வாராம். தேர்வு நாளில் மின்சாரம் போனாலே நாங்கள் புத்தகத்தை மூடிவிடுகிறோம்! டார்லிங்டன் என்னும் அறிஞரோடு சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945 இல் அவர் வெளியிட்ட நூல் பெரும் புகழ் பெற்றது. பின்னர் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா மரங்களை ஆராய்ந்தார். அவற்றுள் ஒரு வகைக்கு அவருடைய பெயரையே இட்டிருக்கிறார்கள். நம் நாட்டு அணிலொன்றையும் இங்கிலாந்துக்கு அவர் கொண்டுபோய் வளர்த்தார் என்பது எங்கள் தோழியருக்கு மிகவும் பிடித்த செய்தி.

பிரதமர் நேரு அழைத்ததால் 1951 இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். நாட்டில் உணவுப் பஞ்சம் நிலவிய காலம் அது. விளைநிலம் வேண்டிக் காடுகள் அழிக்கப்பட்டன. ஒருமுறை, அப்பகுதியில் எஞ்சியிருந்த ஒரே ஒரு மக்னோலியா மரத்தைக் காண ஷில்லாங்கிலிருந்து 37 மைல் சென்றார். அந்த மரம் எரிக்கப்பட்டுக் கிடந்தது.

இந்த இடத்தைப் படித்தபோது எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. பசித்தவன் காட்டை அழித்தால் அவனைக் குறை கூறலாமா என்றாள் ஒருத்தி. அவள் கேட்டதில் நியாயம் உண்டு. சீமைக் கருவேலம் அந்நிய மரம், நாட்டுச் செடிகளை நெருக்குகிறது என்று நாங்கள் தேர்வில் எழுதுகிறோம். ஆனால் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் வீடுகளிலிருந்துதான் எங்களுள் சிலர் பள்ளிக்கு வருகிறோம். அம்மையாரும் எளியவர்களை மறந்தவர் அல்லர். மனிதனால் நிலவுலகம் எவ்வாறு மாறியது என்பது பற்றி 1955 இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் அறிஞர் கூட்டம் ஒன்று நடந்தது. அதற்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் இவர். அங்கே இந்தியச் சிற்றூர் மக்கள் தம் தேவைக்கு உழைத்து வாழும் வாழ்க்கையைப் பற்றியே பேசினார்.

ஓய்வுக்குப் பின்னும் அவர் ஓயவில்லை. 1970 இல் சென்னைக்கு வந்து, மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்களத்தில் மூலிகைகளை வளர்த்துக்கொண்டு எளிமையாக வாழ்ந்தார். 1977 இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அப்போதுதான் பாலக்காட்டு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே மின்சாரத்திற்காக அணை கட்டும் பேச்சு வலுத்தது. சிள்வண்டின் இரைச்சல் இல்லாததால் அப்பெயர் வந்தது என்று சொல்வாரும் உண்டு. சிங்கவால் குரங்குகள் வெடிப்பலாக் காய்களைத் தின்று வாழும் மழைக்காடு அது. கவிஞர் சுகதகுமாரியும் பறவை அறிஞர் சாலிம் அலியும் அணை கூடாதென்று குரல் கொடுத்தனர். எண்பது வயதை எட்டிய ஜானகி அம்மாளும் அவர்களோடு நின்றார். அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் வேலையை அந்த வயதில் மேற்கொண்டார். புதிய பயிரை உண்டாக்கவே வாழ்நாளைச் செலவிட்டவர் ஏன் ஒரு காட்டுக்காகப் போராடினார் என்று முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. நாணலை நினைத்ததும் விளங்கியது. ஓடையில் அந்தப் புல் இல்லாதிருந்தால் கோ 205 கரும்பு ஏது? நாளைக்கு எந்த மரத்திடம் எதைக் கேட்கப் போகிறோம் என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும்?

1983 இல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரித் திங்களில் மதுரவாயலில் அம்மையார் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா என அறிவிக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை.

எங்கள் ஏட்டில் நாணலின் வெண்பூங்கொத்தை ஒட்டி, ஊரும் நாளும் எழுதி வைத்திருக்கிறோம். நன்னாரிக்கென்று ஒதுக்கிய பக்கம் மட்டும் வெறுமையாக உள்ளது. பந்தல்குடிப் பக்கம் கிடைக்கும் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். அடுத்த மழைக்குப் பின் போய்ப் பார்க்க வேண்டும்.