அறுபத்து மூன்று புள்ளிகளின் நாயகன்

கூடைப்பந்து என்றாலே அது சீன நண்பர்களின் விளையாட்டு என்று நம் மாணவர்களில் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டருகே இருக்கும் திடலிலும் மாலை வேளையில் பந்து தட்டும் ஓசை கேட்கும். தமிழ்க் குரல் கேட்பது அரிது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது எனக்கும் அது புதிய விளையாட்டுதான். எனக்கு உயரம் போதாது. அதனால் பயிற்றுநர் என்னை மேசையில் உட்கார வைத்துப் புள்ளிகளைப் பதியச் சொன்னார். யார் எத்தனை கூடை போட்டார், யார் எத்தனை தவறு செய்தார் என்று கட்டம் கட்டமாக நிரப்பும் வேலை. அந்தப் பழக்கத்தால் பழைய ஆட்டங்களின் புள்ளிப்பட்டியல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்படித்தான் ஜோ ஃபுல்க்ஸ் எனக்கு அறிமுகமானார்.

1949 பிப்ரவரி 10-ஆம் நாள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிலடெல்பியா வாரியர்ஸ் குழுவும் இண்டியானாபொலிஸ் ஜெட்ஸ் குழுவும் மோதின. வாரியர்ஸ் 108, ஜெட்ஸ் 87. அந்தப் பட்டியலில் ஃபுல்க்ஸின் பெயருக்கு நேரே உள்ள எண்களைப் பாருங்கள். 56 முறை எறிந்து 27 கூடைகள். எதிரணியின் தவறுகளுக்காகக் கிடைத்த 14 தனி எறிகளில் 9. மொத்தம் 63 புள்ளிகள்! மூன்று புள்ளி எறி என்பது அப்போது கிடையாது. 27 கூடைக்கு 54, அதனுடன் 9. கணக்குச் சரியாக இருக்கிறது. அவருடைய குழு எடுத்த புள்ளிகளில் பாதிக்கும் மேல் அவர் ஒருவருடையது.

அந்த வரிசையில் வேறு என்ன இருக்கிறது என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை யார் எத்தனை முறை பிடித்தார் என்பதை அந்த லீக் 1950-51 பருவத்தில்தான் கணக்கெடுக்கத் தொடங்கியது. அதற்கு முன் ஆடியவர்களின் அந்த உழைப்பெல்லாம் கணக்கில் வராமலே போயிற்று. புள்ளிப் பதிவு மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். தாளில் கட்டம் இல்லையென்றால் கண்ணெதிரே நடந்ததையும் எழுத முடியாது.

ஃபுல்க்ஸ் 1921 அக்டோபர் 26-இல் கெண்டக்கி மாநிலத்தில் பர்மிங்ஹாம் என்ற சிற்றூரில் பிறந்தார். அலபாமா மாநிலத்தின் பெரிய நகரான பர்மிங்ஹாம் வேறு, இது டென்னசி ஆற்றங்கரையில் இருந்த ஊர். அந்த ஆற்றின் குறுக்கே 1938-இல் கெண்டக்கி அணையைக் கட்டத் தொடங்கினார்கள். 1944-இல் அணை முடிந்தபோது ஊர் நீருக்கடியில் போனது. வெள்ளத் தடுப்பும் மின்சாரமும் பல இலட்சம் பேருக்குப் பயன்பட்டன என்பது உண்மை. ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்குத் திரும்பிப் போக இடமில்லாமல் போனதும் உண்மைதானே. என் தாத்தா பிறந்த தோட்டமும் இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. லயங்கள் இருந்த இடத்தில் மாடி வீடுகள். ஆகவே ஃபுல்க்ஸின் வாழ்க்கையில் இந்தப் பகுதியை என்னால் வேகமாகக் கடந்து போக முடியவில்லை.

கல்லூரியில் ஆடிப் பெயரெடுத்த ஃபுல்க்ஸ், இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க மரைன் படையில் சேர்ந்து பசிபிக் பகுதிக்குப் போனார். போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், பி.ஏ.ஏ. என்ற தொழில்முறை லீக் 11 குழுக்களுடன் பிறந்தது. இன்று உலகமே பார்க்கும் என்.பி.ஏ.வின் தாய் இதுதான்; 1949-இல் மற்றொரு லீக்குடன் இணைந்தபோது பெயர் மாறியது. முதல் பருவத்திலேயே ஃபுல்க்ஸ் 60 ஆட்டங்களில் 1,389 புள்ளிகள் குவித்தார். ஆட்டத்திற்குச் சராசரி 23.2. இரண்டாம் இடத்தில் இருந்தவரின் சராசரி 16.8 மட்டுமே! 1947-இல் சிகாகோ ஸ்டாக்ஸை வென்று வாரியர்ஸ் முதல் வெற்றிக் குழுவானது.

அந்நாளில் பெரும்பாலோர் இரு கால்களையும் தரையில் ஊன்றியபடிதான் எறிவார்கள். ஃபுல்க்ஸோ துள்ளி எழுந்து, காற்றில் இருந்தபடியே எறிவார். இந்த ஜம்ப் ஷாட்டை அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்பது மிகையாகும். வேறு சிலரும் அதே காலத்தில் எறிந்தார்கள். ஆனால் இப்படி எறிந்தும் புள்ளிகளைக் குவிக்கலாம் என்று தொழில்முறை அரங்கில் பரவலாகக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

இன்றைய இளைஞர்கள் சிலர் அவருடைய எண்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடும். வாழ்நாள் முழுவதும் அவர் எறிந்தவற்றில் கூடையில் விழுந்தவை 30.2 விழுக்காடுதான். இன்று இப்படி எறிந்தால் எந்தப் பயிற்றுநரும் மறுநாள் களத்தில் இறக்கமாட்டார். ஆனால் 1946-47-இல் லீக் முழுவதன் சராசரியே 27.9 விழுக்காடு, அந்தப் பருவத்தில் ஃபுல்க்ஸ் 30.5. அதாவது தம் காலத்து ஆட்டக்காரர்களை விட அவர் மேலானவர். பட்டியலை அதன் காலத்திலிருந்து பிடுங்கி எடுத்துப் படிப்பது நியாயமில்லை என்பது என் எண்ணம். இதே நியாயத்தை மறுபக்கத்திலும் பார்க்க வேண்டும். 1950 வரை அந்த லீக்கில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. ஃபுல்க்ஸ் யார் யாரை எதிர்த்து ஆடவில்லை என்பதற்கும் தாளில் கட்டம் இல்லை.

அவருடைய 63 புள்ளிச் சாதனை பத்தாண்டுக்கு மேல் நின்றது. 1959 நவம்பரில் எல்ஜின் பேய்லர் 64 புள்ளிகள் எடுத்து அதை முறியடித்தார். 1962-இல் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அவர் ஆடியதும் அதே பிலடெல்பியா வாரியர்ஸுக்குத்தான்.

ஃபுல்க்ஸ் 1954-இல் ஓய்வு பெற்றார். மொத்தம் 489 ஆட்டங்கள், 8,003 புள்ளிகள். ஆட்டத்தை விரைவாக்கிய 24 வினாடி விதி அதே ஆண்டில்தான் வந்தது. அதில் ஆட அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. பிறகு கெண்டக்கிக்கே திரும்பினார். எடிவில் சிறைச்சாலையில் கைதிகளின் விளையாட்டு, பொழுதுபோக்குப் பொறுப்பாளராகப் பணியாற்றினார். நாட்டின் முதல் பெரிய புள்ளி வேட்டைக்காரர் தங்களுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தார் என்பதை அந்தக் கைதிகளில் எத்தனை பேர் அறிந்திருந்தார்களோ!

1971-இல் என்.பி.ஏ.வின் 25-ஆம் ஆண்டையொட்டித் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறந்த பத்து ஆட்டக்காரர்களுள் ஒருவராக அவர் பெயரும் இடம்பெற்றது. 1976 மார்ச் 21-இல், ஒரு கைத்துப்பாக்கியைப் பற்றிய வாக்குவாதத்தில், தம் தோழியின் மகனால் சுடப்பட்டு இறந்தார். வயது 54. இரண்டாண்டு கழித்து, 1978-இல், கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் தந்தார்கள்.

சாதனைப் பதிவேடுகளில் அவருடைய பெயருக்குக் கீழே பிறந்த ஊர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் இன்னமும் பர்மிங்ஹாம், கெண்டக்கி என்றே அச்சிடுகிறார்கள்.