சுரங்கத்தார்க்கு உற்ற துணைவர் ஜார்ஜ் அக்ரிகோலா

மண்ணைக் குடைந்து வெள்ளியும் செம்பும் ஈயமும் எடுத்து உலகிற்கு வழங்குவோர் சுரங்கத் தொழிலாளர். அவர்தம் உயிரைக் குடிக்கும் நுரையீரல் நோயை நூல்வாயிலாக உணர்த்திய முன்னோருள் ஒருவராகிய ஜார்ஜ் அக்ரிகோலாவின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1494-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள கிளாவ்கௌ என்னும் ஊரிற் பிறந்தார். உழவர் எனப் பொருள்படும் பாவர் என்பது இவர்தம் குடிப்பெயர். அதனையே பின்னர் இலத்தீனில் அக்ரிகோலா என மாற்றிக்கொண்டார். முதற்கண் கிரேக்க மொழி ஆசிரியராயிருந்தவர், இத்தாலி சென்று மருத்துவம் பயின்று, 1527-இல் வெள்ளிச் சுரங்கங்களாற் புகழ்பெற்ற யோவாகிம்ஸ்தால் நகரின் மருத்துவரானார். அந்நகர் இந்நாளில் செக் நாட்டின்கண் உள்ளது. ஓய்வு நேரங்களிற் சுரங்கங்களுக்கும் உலைக்களங்களுக்கும் சென்று, தொழிலாளரோடு உரையாடி, அவர்தம் தொழிலையும் துன்பத்தையும் ஒருங்கே கற்றார்.

வறண்ட சுரங்கங்களில் எழும் தூசி நுரையீரலுட் புகுந்து இளைப்பை உண்டாக்குவதையும், நாளடைவில் அதனை அரித்துக் கயநோயாய் முடிவதையும் அவர் எழுதிவைத்தார். கத்மியா என்னும் ஒருவகைத் தாது, நனைந்த கைகால்களை அரிப்பதோடு நுரையீரலையும் கண்களையும் கெடுக்கும் என்றும் குறித்தார். கார்ப்பேதிய மலைச் சுரங்கப் பகுதியில் இந்நோய்க்கு ஏழு கணவரைப் பறிகொடுத்த மகளிர் உண்டு என்று அவர் கூறுவதைப் படிக்குங்கால் நம் நெஞ்சம் நடுங்குகின்றது.

நோயைக் கூறியதோடு அவர் அமைந்தாரில்லை. முழங்கை வரை நீண்ட கையுறையும், உயர்ந்த தோற்காலணியும், முகத்தை மூடும் திரையும் வேண்டுமென்றார். சுரங்கத்துள் நற்காற்றைச் செலுத்தும் விசிறி, துருத்தி முதலிய பொறிகளைப் படங்களுடன் விளக்கினார். சுரங்கப் பேய்கள் உண்டென அவரும் நம்பினார்; ஆயினும் இந்நுரையீரல் நோய்க்குத் தூசியையே காரணமாகக் காட்டினார்.

1546-இல் கெம்னிட்ஸ் நகரத் தலைவரான அவர், 1555-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21-ஆம் நாள் மறைந்தார். கத்தோலிக்கராகிய அவருக்குச் சீர்திருத்தச் சபையைத் தழுவிய அந்நகரில் அடக்கத்திற்கு இடமளித்திலர். சைட்ஸ் நகரிலே அடக்கஞ் செய்தனர். தம் வாழ்நாள் உழைப்பாகிய ‘தே ரே மெத்தாலிக்கா’ 1556-இல் பாசல் நகரில் அச்சேறியதை அவர் கண்டிலர்.

சாக்சனியின் ஷ்னேபெர்க் சுரங்கத்தாரைக் கொன்றுவந்த நோய் நுரையீரலில் தோன்றும் கொடிய புற்று என 1879-இல் இரு மருத்துவர் வெளியிட்டனர். ரேடான் என்னும் கதிர்வீசும் வாயு அதற்குத் தலையாய காரணம் என்பது பின்னர்த் தெளிந்தது. ஆர்செனிக், நிக்கல், காட்மியம் ஆகியவற்றின் தூசியும் புகையும் அத்தகைய புற்றை விளைக்கவல்லன என்பதையும் இன்று அறிவோம். இவை யாவும் விளங்குவதற்கு முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே, தொழிலாளர்க்கு நற்காற்று வேண்டும் என்றார் அக்ரிகோலா. காரணம் முற்றும் தெளியட்டும் எனக் காத்திராது, கண்ட துன்பத்திற்குக் கைக்கெட்டிய காப்பைத் தேடுதலே கற்றோர் கடன் என்பதனை அப்பெரியார் வாழ்விலிருந்து நாம் கற்போமாக.