தாதாசாகேப் பால்கே

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் செல்லும் வழியில் குமராட்சி என்னும் ஊர் உள்ளது. நாற்புறமும் நெல்வயல் சூழ்ந்த அவ்வூரில், சம்பா அறுவடையை ஒட்டி உழவர்கள் வயலில் உளுந்து விதைப்பது வழக்கம். ஈர மண்ணில் விழுந்த விதை பருக்கும், தோல் வெடிக்கும், வெண்முளை வெளிவரும், இரண்டு இலைகள் விரியும். நாள்தோறும் வயலுக்குச் செல்லும் சிறுவனும் செடி வளர்ந்திருப்பதைக் காண்பானேயன்றி, அது வளர்வதைக் கண்டிருக்கமாட்டான். விதை முளைப்பதைக் கண்ணெதிரே காணுமாறு செய்தல் இயலுமா? இயலும் என்பதை நம் நாட்டில் 1912-ஆம் ஆண்டிலேயே காட்டினார் ஒருவர். அவர்தாம் இந்தியத் திரைப்படக் கலையின் தந்தை எனப் போற்றப்படும் தாதாசாகேப் பால்கே ஆவார்.

பால்கேயின் இயற்பெயர் துண்டிராஜ் கோவிந்த் பால்கே என்பது. அவர் 1870-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 30-ஆம் நாள், நாசிக் நகரை அடுத்த திரியம்பகம் என்னும் திருத்தலத்தில் பிறந்தார். அவர்தம் தந்தையார் வடமொழி வல்லுநர். பம்பாய் வில்சன் கல்லூரியில் வடமொழி ஆசிரியராகப் பணி ஏற்றவர். மரபுவழிக் கல்வியில் மகனும் தேர்ச்சி பெறவேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பம். சிறுவனின் உள்ளமோ ஓவியத்தையும் நாடகத்தையும் நாடியது. எனவே அவர் 1885-ஆம் ஆண்டில் பம்பாயிலுள்ள ஜே. ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர்ப் பரோடா நகரத்துக் கலாபவனத்தில் ஓவியமும் நிழற்படக் கலையும் பயின்றார். ஒன்றைக் கற்றபின் அதனோடு அமைதியுறாமல், அதனை அடுத்து நிற்கும் கலையையும் கற்க முனைவது அவரது இயல்பாக இருந்தது.

கலையறிவு பெற்ற அவருக்குச் செல்வம் எளிதிற் சேரவில்லை. கோத்ரா என்னும் ஊரில் நிழற்பட நிலையம் நடத்தி வந்த காலத்தில், பிளேக் நோய்க்கு மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தார். பின்னர் அவர் மணந்துகொண்ட சரசுவதி அம்மையார், வாழ்நாள் முழுதும் அவருடைய முயற்சிகளுக்குத் துணை நின்றார். தொல்பொருள் ஆய்வுத் துறையில் படம் எடுப்போராகவும் வரைவோராகவும் சிலகாலம் பணியாற்றிய பால்கே, வங்கப் பிரிவினையை ஒட்டிச் சுதேசி இயக்கம் எழுந்தபோது அரசுப் பணியைத் துறந்தார். அச்சுத் தொழிலில் ஈடுபட்டு, புகழ்பெற்ற ஓவியர் இரவிவர்மாவின் அச்சகத்திற்குப் படங்கள் அச்சிட்டு உதவினார். வண்ண அச்சுக்கலையின் நுட்பங்களை அறிய 1909-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டிற்கும் சென்று வந்தார். எனினும், கூட்டாளிகளோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் அச்சகத்தை விட்டு விலக நேர்ந்தது. நாற்பது வயது நிறைந்த நிலையில், தொழிலும் வருவாயும் இன்றி அவர் நின்றார்.

அந்நிலையில்தான் அவருடைய வாழ்க்கையை மாற்றிய நிகழ்ச்சி ஏற்பட்டது. பம்பாயில் ஒரு கூடாரத்தில் ஏசு பெருமானின் வாழ்க்கையைக் காட்டும் பேசாப்படம் திரையிடப்பட்டது. அதனைக் கண்டுகொண்டிருந்த பால்கேயின் மனக்கண் முன், கண்ணனும் இராமனும் தோன்றினர். நம் நாட்டுக் கதைகளை நம் நாட்டவரே இவ்வாறு படமாக்கினால் என்ன என்னும் எண்ணம் அவர் நெஞ்சில் வேரூன்றியது. மறுமுறை மனைவியையும் அழைத்துச் சென்று அப்படத்தைக் காட்டி, தம் கருத்தை அவரிடம் எடுத்துரைத்தார்.

எண்ணம் தோன்றிவிட்டது, வழி தோன்றவில்லை. படம் எடுக்கும் முறையைக் கற்பிக்கும் பள்ளி அக்காலத்தில் இந்தியாவில் இல்லை; கற்பிக்கும் ஆசிரியரும் இலர். எனவே பால்கே நூல்களையே ஆசிரியராகக் கொண்டார். திரைப்படக் கருவிகளைப் பற்றிய விலைப்பட்டியல்கள், படத்தொழில் பற்றிய நூல்கள், இலண்டனிலிருந்து வெளிவந்த பயாஸ்கோப் என்னும் வார இதழ் ஆகியவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். ஆங்கிலப் படத்தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரான செசில் ஹெப்வொர்த் 1897-ஆம் ஆண்டில் வெளியிட்ட சலனப்பட அரிச்சுவடி நூலும் அவர் கற்றவற்றுள் ஒன்று என்பர். வருவாய் இல்லாத காலத்தில் நூல் வாங்கிக் குவிப்பது உலகியல் அறிந்தார்க்குப் பேதைமையாகவே தோன்றும். உற்றார் சிலர், அவருக்கு மதிமயக்கம் ஏற்பட்டுவிட்டதோ என்று அஞ்சினர்.

ஆயினும் பால்கே நூல்களை அலமாரியில் அடுக்கி அழகு பார்ப்பதற்காகச் சேர்த்தாரல்லர். ஒவ்வொரு பக்கத்தையும் செயலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பழம்பொருள் விற்கும் கடையில் சிறு படக்கருவி ஒன்றை வாங்கி, மெழுகுவத்தியின் ஒளியையும் ஒரு கண்ணாடி வில்லையையும் கொண்டு, வீட்டுச் சுவரில் படம் காட்டி ஆராய்ந்தார். நாள்தோறும் மாலையில் நான்கைந்து மணி நேரம் படக்கொட்டகையில் செலவிட்டார். எஞ்சிய நேரத்தில் படித்தார். உறக்கம் குறைந்தது; ஓய்வு ஒழிந்தது. அதன் பயனாக ஒருநாள் அவர் கண்ணொளி மங்கிப் பார்வையே இழக்கும் நிலை வந்தது. காட்சிக் கலையைக் கற்கப் புகுந்தவருக்குக் காட்சியே இல்லாமற் போவதினும் கொடிய இடர் வேறு யாது? நல்வாய்ப்பாக, கண் மருத்துவர் ஒருவர் தக்க மருத்துவம் செய்து, மூன்று நான்கு மூக்குக் கண்ணாடிகளையும் அளித்துப் பார்வையை மீட்டுத் தந்தார். கண் திறந்ததும் பால்கே மீண்டும் நூல்களையே நாடினார்.

நூலறிவு ஓர் எல்லைவரை கொண்டுசெல்லும். அதற்கு அப்பால் நேரிற் கண்டறிதல் வேண்டும். இதனை உணர்ந்த பால்கே, தம் ஆயுள் காப்புறுதிப் பத்திரங்களை ஈடுவைத்துப் பொருள் திரட்டி, 1912-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இலண்டனுக்குக் கப்பல் ஏறினார். அந்நகரில் அவருக்கு அறிமுகமானவர் எவரும் இலர். தாம் விடாது படித்துவந்த பயாஸ்கோப் இதழ் ஒன்றே அறிமுகம். அவ்விதழின் அலுவலகத்திற்கு நேரே சென்று ஆசிரியரைக் கண்டார். அவர் முதலில் பால்கேயின் முயற்சியை ஊக்கவில்லை எனினும், பின்னர் அவருடைய உறுதியைக் கண்டு உதவ முன்வந்தார். அவர் துணையால், ஹெப்வொர்த்தின் படப்பிடிப்பு நிலையத்தையே சுற்றிப் பார்க்கும் பேறு பால்கேக்குக் கிட்டியது. வில்லியம்சன் படக்கருவி ஒன்றினை 50 பவுன் விலைக்கு வாங்கிக்கொண்டு, ஏப்ரல் முதல் நாள் அவர் தாயகம் திரும்பினார்.

கருவி கிடைத்தது, கதைப்படம் எடுக்கப் பெரும்பொருள் வேண்டியிருந்தது. தம் திறமையை மெய்ப்பித்தாலன்றி எவரும் பொருள் தரார் என்பதை அவர் அறிவார். ஆதலின் பட்டாணி விதை ஒன்றைத் தொட்டியில் விதைத்து, அதற்கு எதிரே படக்கருவியை அசையாது நிறுத்தினார். ஏறத்தாழ ஒரு திங்கள் காலம் குறித்த இடைவெளிகளில் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். இடையில் ஒருநாள் கருவி சற்றே நகர்ந்திருப்பினும், முயற்சி முழுவதும் வீணாகியிருக்கும். படச்சுருளைத் துலக்கித் திரையில் ஓட்டியபோது, பல நாள் வளர்ச்சி ஒரு நிமிட அளவில் நிகழ்ந்தது. விதை வெடித்து, முளை எழுந்து, கொடி படரும் காட்சியைக் கண்டோர் வியப்பில் ஆழ்ந்தனர். பொருளுதவி செய்யவும் இசைந்தனர். போதாத பொருளுக்குச் சரசுவதி அம்மையாரின் அணிகலன்கள் ஈடாயின.

அதன்பின் பால்கே அரிச்சந்திரன் கதையைப் படமாக்கத் தொடங்கினார். அக்காலத்தில் பெண்கள் திரையில் நடிக்க முன்வரவில்லை. எனவே உணவு விடுதியில் பணிபுரிந்த சாளுங்கே என்னும் இளைஞர், அரிச்சந்திரனின் மனைவியாக வேடம் புனைந்தார். மைந்தனாகப் பால்கேயின் மகனே நடித்தான். சரசுவதி அம்மையார் படப்பிடிப்பில் ஈடுபட்ட அனைவருக்கும் உணவு சமைத்தார். இரவில் இருட்டறையில் அமர்ந்து, படச்சுருளின் ஓரங்களில் துளையிட்டார். படம் துலக்கும் பணியிலும் உதவினார். இவ்வாறு ஒரு குடும்பமே கூடி உழைத்த உழைப்பு, 1913-ஆம் ஆண்டு மே திங்கள் 3-ஆம் நாள் பம்பாய்க் காரனேஷன் கொட்டகையில் ராஜா ஹரிச்சந்திரா என்னும் படமாக மக்கள் முன் வந்தது. இந்தியரால் எடுக்கப்பெற்ற முதல் முழுநீளக் கதைப்படம் எனப் பொதுவாகப் போற்றப்படுவது இதுவே.

1914-ஆம் ஆண்டில் உலகப் போர் மூண்டது. படச்சுருள் கிடைப்பது அரிதாயிற்று. பொருளுதவி செய்வோரும் பின்வாங்கினர். பெரிய படம் எடுக்க இயலாத அந்நாளில், பால்கே கைகட்டி இருந்திலர். தீக்குச்சிகளை ஒரு பலகைமீது வைத்து ஒரு படம் பிடிப்பார். அவற்றைச் சற்றே நகர்த்தி மற்றொரு படம் பிடிப்பார். இவ்வாறு பலநூறு முறை நகர்த்திப் பிடித்த படங்களை விரைந்து ஓட்டும்போது, உயிரற்ற குச்சிகள் தாமே எழுந்து ஆடுவனபோல் தோன்றும். கண் ஒரு காட்சியை மறக்குமுன் அடுத்த காட்சி வந்து சேர்வதே இதற்குக் காரணம். இக்காலத்துக் கார்ட்டூன் படங்களுக்கும் அடிப்படை இதுவே. தீக்குச்சிகளின் விளையாட்டு என்னும் பொருளுடைய அச்சிறு படம், இந்தியாவில் இவ்வகையில் தோன்றிய மிகப் பழைய முயற்சிகளுள் ஒன்றாகும்.

அவர் செய்த மற்றொரு செயல் இன்னும் சிறப்புடையது. வித்தைக்காரர் தம் வித்தையின் மறைபொருளைப் பிறர்க்குக் கூறார். பால்கேயும் மாயவித்தை பயின்று மேடைகளில் நிகழ்த்தியவரே. ஆயினும் திரையில் நிகழும் விந்தைகளை அவர் மறைக்கவில்லை. படங்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதை விளக்கும் படம் ஒன்றை 1917-ஆம் ஆண்டில் எடுத்தார். நடிகரைப் பழக்குவது, படம் பிடிப்பது, சுருளைத் துலக்குவது ஆகியவற்றை அதில் தாமே தோன்றிச் செய்து காட்டினார். தாம் நூல்களைத் தேடி அலைந்து, கண்ணொளியையே பணயம் வைத்துப் பெற்ற அறிவை, எவரும் அமர்ந்து காணுமாறு திரையில் விரித்துவைத்த பெருந்தன்மை இதனால் விளங்கும்.

அதே ஆண்டில் வெளிவந்த இலங்கா தகனம் பெரும்புகழ் பெற்றது. சென்னையில் அப்படத்தால் திரண்ட கட்டண நாணயங்களைக் காவலர் துணையுடன் மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்றனர் என்று கூறுவர். அப்போர்க்காலத்திலேயே சென்னையில் நடராஜ முதலியார் என்பார் கீசகவதம் என்னும் படத்தை எடுத்துத் தென்னாட்டுத் திரைப்படத் தொழிலுக்கு வித்திட்டார். 1919-ஆம் ஆண்டில் வெளிவந்த காளிய மர்த்தனத்தில், பால்கேயின் மகள் மந்தாகினி கண்ணனாக நடித்துக் காண்போர் உள்ளத்தைக் கவர்ந்தாள்.

கற்றோர் நாடிச் சேர்க்கும் நூல்கள் கலைக்கு உரமாகும் என்பதற்குப் பிற நாட்டிலும் சான்று உண்டு. அமெரிக்க நாட்டு வால்ட் டிஸ்னி 1935-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் பயணம் செய்தபோது, அந்நாடுகளின் சித்திரக் கதைநூல்களை முந்நூற்றுக்கு மேல் திரட்டித் தம் நிலையத்து நூலகத்தில் சேர்த்தார். அங்குப் பணிபுரிந்த ஓவியர்கள் அவற்றைக் கண்டு, காட்டையும் குடிலையும் கோட்டையையும் வரையக் கற்றனர். செல்வமும் நிலையமும் வாய்த்த பின்னர் டிஸ்னி செய்ததை, வறுமையில் தனித்து நின்ற பால்கே இருபது ஆண்டுகளுக்கு முன்பே தம் அளவில் செய்தார் எனலாம்.

பால்கேயின் பிற்கால வாழ்வு இன்பமாக அமையவில்லை. பங்காளிகளோடு பிணக்குற்று, நிறுவனத்தை விட்டுச் சிலகாலம் காசியில் வாழ்ந்தார். மீண்டும் வந்து படம் எடுத்தார். பேசும்படம் தோன்றியபின் அவர் கலை பழமையானதாகக் கருதப்பட்டது. 1937-ஆம் ஆண்டில் வெளிவந்த கங்காவதரணமே அவர் எடுத்த ஒரே பேசும்படம். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 16-ஆம் நாள் அவர் நாசிக்கில் இயற்கை எய்தினார். இந்திய அரசு 1969-ஆம் ஆண்டு முதல் திரைத்துறைச் சான்றோர்க்கு அவர் பெயரால் விருது வழங்கி வருகின்றது.

பிறர் எழுதியவற்றைத் தேடிச் சேர்த்த அப்பெருமகனாரின் படைப்புகளைத் தேடிச் சேர்ப்பார் நெடுங்காலம் இலராயினர். புனே நகரில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது 1964-ஆம் ஆண்டில்தான். அதற்குள் அவர் எடுத்த படங்களுட் பெரும்பாலானவை அழிந்தொழிந்தன. அரிச்சந்திரன் படத்தின் சில பகுதிகளும், காளிய மர்த்தனமும், படம் உருவாகும் முறையை விளக்கும் படத்தின் சில காட்சிகளும் எஞ்சியுள்ளன. முளைத்தெழுந்த பட்டாணிச் செடியும், ஆடிய தீக்குச்சிகளும் இன்று காணக் கிடைத்தில.

இவ்விழப்பு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. ஒரு விலைப்பட்டியலும், ஒரு பழைய இதழும், ஓர் அரிச்சுவடி நூலும் பால்கேயின் கையில் பெரும்பயன் விளைத்தன. எந்த ஏடு எவர்க்கு எக்காலத்தில் வழிகாட்டும் என்பதை முன்னரே அறிதல் அரிது. ஆதலின் கிடைத்த நூலைப் போற்றிக் காத்தலும், காத்த நூலைக் கற்றலும், கற்றதைக் கையால் செய்து பார்த்தலும், அறிந்ததைப் பிறர்க்கு வழங்குதலும் மாணவர்தம் கடமையாகும். அக்கடமையைச் செய்வோர் வாழும் ஊர் சிற்றூராயினும், அங்கு ஊன்றப்படும் விதை ஒருநாள் முளைத்தே தீரும்.