பிரெடெரிக் ஸ்டான்லி கிப்பிங்

பிரெடெரிக் ஸ்டான்லி கிப்பிங் (ஆகஸ்ட் 16, 1863 – மே 1, 1949) இங்கிலாந்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஆவார். சிலிக்கானின் கரிமச் சேர்மங்களை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆராய்ந்தவர். சிலிக்கோன் என்னும் பெயரை இன்றைய பொருளுக்கு இட்டுச்சென்றவரும் இவரே. (சிலிக்கான் என்பது தனிமம்; சிலிக்கோன் என்பது அதிலிருந்து உருவாக்கப்படும் பலபடி.)

வாழ்க்கை

கிப்பிங் மான்செஸ்டரில் பிறந்தார். அங்குள்ள ஓவன்ஸ் கல்லூரியில் பயின்று, 1882ல் இலண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். சிறிது காலம் எரிவாயு நிறுவனமொன்றில் பணியாற்றிய பின், 1886ல் மியூனிக் சென்று, அடால்ஃப் பேயரின் ஆய்வகத்தில் இளைய வில்லியம் ஹென்றி பெர்க்கினிடம் ஆய்வு மேற்கொண்டார். பெர்க்கினும் இவரும் இணைந்து எழுதிய கரிம வேதியியல் பாடநூல் 1894ல் வெளியாகிப் பல பதிப்புகள் கண்டது. இருவரும் உடன்பிறந்த சகோதரிகளை மணந்து சகலைகளாயினர். 1897ல் நாட்டிங்காம் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியரான கிப்பிங், 1936ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார். 1918ல் டேவி பதக்கம் பெற்றார்.

சிலிக்கான் ஆய்வுகள்

நான்கு வெவ்வேறு தொகுதிகளுடன் பிணைந்த கார்பன் அணுவைக் கொண்ட சேர்மம் முனைவுற்ற ஒளியின் தளத்தைச் சுழற்றும். தனிம வரிசை அட்டவணையில் கார்பனுக்கு நேர் கீழே உள்ள சிலிக்கானும் அவ்வாறு செய்யுமா என்பதே கிப்பிங்கின் கேள்வி. கிரிக்னார்டு வினைபொருளைப் பயன்படுத்திச் சிலிக்கானுடன் கரிமத் தொகுதிகளை இணைத்து, 1907ல் அத்தகைய சேர்மத்தைப் பெற்றார்.

கீட்டோன்களை ஒத்த வாய்பாடு கொண்டிருந்ததால் 1901ல் ஒரு விளைபொருளுக்குச் சிலிக்கோன் எனப் பெயரிட்டார். ஒற்றுமை வாய்பாட்டோடு முடிந்தது. கீட்டோனில் கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்து சிறு மூலக்கூறாக நிற்கும். சிலிக்கோனிலோ சிலிக்கானும் ஆக்சிஜனும் ஒற்றைப் பிணைப்புகளால் மாறிமாறிக் கோத்து நீண்ட சங்கிலியாகும். இவ்வேறுபாட்டைக் கிப்பிங் அறிந்தே இருந்தார். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

படிகமாகாத பசைபோன்ற இப்பொருட்கள், தூய சேர்மங்களைத் தேடிய அவருக்குப் பெரும்பாலும் இடையூறாகவே இருந்தன. 1936ல் அரச கழகத்தில் ஆற்றிய பேக்கரியன் சொற்பொழிவிலும் இத்துறையில் உடனடி முன்னேற்றத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் 1940ல் அமெரிக்காவில் யூஜீன் ராக்கோ சிலிக்கோனுக்கான மூலப்பொருளை எளிதில் தயாரிக்கும் முறையைக் கண்டறிந்தார். 1943ல் டவ் கார்னிங் நிறுவனம் தொடங்கப்பட்டது. போர் விமானங்களின் எரியூட்டு அமைப்பில் ஈரம் புகாமல் தடுக்கச் சிலிக்கோன் பயன்பட்டது. இவற்றைக் காணக் கிப்பிங் உயிருடன் இருந்தார்.

வகைப்பாட்டில் இடம்

கனிமப் பலபடிகள் முதன்மைச் சங்கிலியிலுள்ள அணுக்களைக் கொண்டு வகைப்படுத்தப்படுகின்றன. பாலிசிலேன் போன்றவற்றில் சங்கிலி முழுவதும் ஒரே தனிமம். சிலிக்கோனிலும், பாஸ்பரசும் நைட்ரஜனும் மாறிமாறி வரும் பாலிபாஸ்பசீனிலும் இரு தனிமங்கள். சிலிக்கோனின் பக்கத் தொகுதிகள் கரிமமானவை என்பதால் சிலர் அதனைக் கலப்பினமாகக் கருதுவர். சங்கிலியில் கார்பன் இல்லாததால் கனிமப் பலபடி என்பதே பொதுவழக்கு.

அமெரிக்க வேதியியற் கழகம் சிலிக்கான் வேதியியலுக்காக நிறுவிய கிப்பிங் விருது 1962ல் முதன்முதலாக வழங்கப்பட்டது.