காமராசரும் மூன்று தேர்தல்களும்

தேர்தலில் வென்ற கட்சி மறுநாள் என்ன செய்யும் என்பதை ஊரே அறியும். மாலை, மேளம், வாணவேடிக்கை! தோற்ற கட்சி மறுநாள் என்ன செய்கிறது? அதை நாம் ஊன்றிப் பார்ப்பதில்லை. 2024-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல் முடிந்த வாரத்தில் நம் விடுதி உணவுக்கூடத்தில் நடந்த வாதத்தை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரும்பான்மைக்கு 272 இடங்கள் வேண்டும்; பாரதீய ஜனதாவுக்குக் கிடைத்தவை 240. காங்கிரசுக்குக் கிடைத்தவை 99. வென்றவர்கள் தோழமைக் கட்சிகளின் கையை எதிர்பார்த்தனர். தோற்றவர்களோ வென்றவர்களைப் போல் மகிழ்ந்தனர். இனி எந்தக் கட்சி எப்படி மாறும் என்று நள்ளிரவு வரை வழக்காடினோம்.

அன்று நான் அதிகம் பேசவில்லை. நான் பௌதிக மாணவன். அரசியல் என் பாடமன்று. ஆனால் படுக்கப் போனபோது என் பாட்டனார் வீட்டுச் சுவரில் தொங்கும் காமராசர் படம் நினைவுக்கு வந்தது. ஒரு தேர்தல் கட்சியைப் புரட்டிப் போட்ட பிறகு தலைவன் செய்யவேண்டியது யாது, செய்யக்கூடாதது யாது என்னும் இரண்டுக்கும் அவர் ஒருவர் வாழ்க்கையே சான்றாகும் என்று தோன்றிற்று. அதனையே இங்கு எழுதுகிறேன்.

என் பாட்டனார் குடியாத்தத்துக்கு அருகில் பிறந்து, கோலார் தங்கவயலுக்குப் பிழைக்க வந்தவர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் பாறையைத் துளைத்தவர். வட ஆற்காட்டிலிருந்து அவ்வாறு வந்த பல்லாயிரவர் வியர்வையில் எழுந்தது எங்கள் ஊர். அன்றைய மைசூர் நாட்டில் இருந்த அந்த ஊருக்கும் காமராசருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். குடியாத்தந்தான் தொடர்பு! அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் விருதுபட்டியில் குமாரசாமிக்கும் சிவகாமி அம்மையாருக்கும் பிறந்தவர் காமராசர். தந்தை இளமையிலேயே மறைந்தார். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்கு. பிறகு மாமன் துணிக்கடையில் வேலை. 1919-இல் ஜாலியன்வாலாபாக் படுகொலைச் செய்தி அந்தப் பதினாறு வயது இளைஞனைக் காங்கிரசுக்கு இழுத்து வந்தது. 1930-இல் இராஜாஜியின் தலைமையில் நடந்த வேதாரணியம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு, பெல்லாரியை அடுத்த அலிப்புரம் சிறைக்குச் சென்றார். வாழ்நாளில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைச் சிறையிலே கழித்தார். 1940-இல் மூன்றே வாக்குகள் வித்தியாசத்தில் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார். வாக்கின் அருமையை அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

சுதந்திர இந்தியாவின் முதற் பொதுத்தேர்தல் 1952-இல் வந்தது. நாடெங்கும் காங்கிரஸ் கொடி பறந்தது. சென்னை மாநிலத்திலோ சாய்ந்தது. 375 இடங்களில் காங்கிரஸ் பெற்றவை 152. முதலமைச்சர் குமாரசாமிராஜாவே தோற்றார். உணவுப் பஞ்சமும் ரேஷன் தொல்லையும் மக்களைக் கொதிக்க வைத்திருந்தன. காங்கிரஸ் என்ன செய்தது? ஓய்விலிருந்த இராஜாஜியை அழைத்து, மேலவை நியமனத்தின் வழியே முதலமைச்சராக்கியது. சிறு கட்சியினரையும் சுயேச்சைகளையும் சேர்த்துக் கணக்கைச் சரிக்கட்டியது. ஆட்சி கிடைத்தது. ஆனால் மக்கள் மனம் கிடைத்ததா? 1953-இல் வந்த தொடக்கக் கல்வித் திட்டம் அதற்கு விடை கூறியது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்ற அத்திட்டத்தைக் குலக்கல்வி என்று கூறி நாடு எதிர்த்தது.

1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அவர் முதலில் செய்தவை இரண்டு. கட்சிக்குள் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தைத் தம் அமைச்சரவையிலேயே அமர்த்திக்கொண்டார். மக்கள் வெறுத்த கல்வித் திட்டத்தைக் கைவிட்டார். தேர்தலில் காங்கிரசை எதிர்த்து வென்ற காமன்வீல் கட்சி, உழைப்பாளர் கட்சி ஆகியவற்றின் தலைவர்களுக்கும் அமைச்சரவையில் இடம் இருந்தது. காலப்போக்கில் அவர்கள் காங்கிரசில் கலந்தனர். கணக்கும் நேராயிற்று, காரணமும் நீங்கிற்று. தோல்விக்குப் பின் ஒரு கட்சி திருந்துவது என்றால் இதுவே.

முதலமைச்சர் சட்டமன்ற உறுப்பினராக வேண்டுமல்லவா? மேலவைக் கதவு திறந்தே இருந்தது. அவரோ மக்களிடம் போனார். குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். பெரியார் ஆதரித்தார், அறிஞர் அண்ணாவின் தி. மு. கழகமும் ஆதரித்தது. அப்போது என் பாட்டனாருக்குப் பத்தொன்பது வயது. வாக்குரிமை இருபத்தொரு வயதில்தான். ஆயினும் சுரங்கத்தில் விடுப்புச் சொல்லி, பங்காருப்பேட்டையில் ரயிலேறிச் சொந்த ஊர் போய், கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டுவிட்டு வந்தார். மேடையில் நின்றவர் தம்மைப் போலவே படிப்பை விட்டவர் என்பது அவருக்கு வியப்பு. அந்த வியப்பே சுவரில் படமாயிற்று. பிறகு மதிய உணவும் ஊர்தோறும் பள்ளியும் வந்தன. குடியாத்தத்தில் தங்கிவிட்ட எங்கள் உறவினர் வீட்டுப் பெண்கள் முதன்முதலாகப் பள்ளிப்படி மிதித்தது அந்த ஆண்டுகளில்தான். 1957-இல் 205 இடங்களில் 151 இடங்களைக் காங்கிரஸ் வென்றது.

1962-இல் ஆட்சி நிலைத்தது. ஆனால் 15 இடங்கள் பெற்றிருந்த தி. மு. க. 50 பெற்றது. 1963-இல் வடக்கே கிருபளானி, லோகியா, மசானி ஆகியோர் இடைத்தேர்தல்களில் காங்கிரசை வீழ்த்தினர். அடித்தளம் ஆடுவதைக் கண்ட காமராசர், மூத்த தலைவர்கள் பதவி துறந்து கட்சிப் பணிக்குத் திரும்பவேண்டும் என்றார். சொன்னவரே முன்னின்று, 1963 அக்டோபர் 2-ஆம் நாள் விலகினார். காமராஜ் திட்டத்தின்படி ஆறு மத்திய அமைச்சர்களும் அவருட்பட ஆறு முதலமைச்சர்களும் பதவி நீங்கினர். 1964-இல் அகில இந்திய காங்கிரஸ் தலைவரானார். நேருவுக்குப் பின் சாஸ்திரி, சாஸ்திரிக்குப் பின் இந்திரா என இருமுறை பிரதமரைத் தேர்ந்தெடுப்பதில் அவர் கை முன் நின்றது. டில்லி அவரை உயர்த்தியது, விருதுநகர் தொலைவாயிற்று!

இரண்டாம் தேர்தல் 1967-இல் வந்தது. அரிசித் தட்டுப்பாடு ஒருபுறம். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் புண் மறுபுறம். தி. மு. க. 137 இடங்கள் வென்றது, காங்கிரசுக்கு 51. விருதுநகரில் மாணவர் தலைவராயிருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் காமராசரே தோற்றார். மாணவ நண்பர்களே, இது நம் போன்றோர் செய்த வேலை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஆனால் ஒரு கணக்கையும் பாருங்கள். காங்கிரஸ் பெற்ற வாக்கு நூற்றுக்கு 41, தி. மு. க. பெற்றது ஏறத்தாழ அதே அளவு. அண்ணா எதிர்க்கட்சிகளை ஓரணியாக்கியதால் வாக்கு சிதறவில்லை. காங்கிரசின் வேர் பட்டுப்போகவில்லை. தோட்டக்காரன் திரும்பி வந்தால் தழைத்திருக்கும்.

திரும்பி வந்தாரா? பாதி வந்தார். 1969 ஜனவரியில் நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நின்று வென்றார். கட்சியோ வேறு வழியிற் போயிற்று. வடமாநிலங்களில் உறுப்பினர்கள் இரவோடிரவாகக் கட்சி மாறினர். உத்தரப்பிரதேசத்தில் காங்கிரசை விட்டு வெளிவந்த சரண்சிங் முதலமைச்சரே ஆனார். மேலிடத்தில் யார் பெரியவர் என்ற பூசல் முற்றியது. 1969 ஜூலையில் பெங்களூர் லால்பாக் கண்ணாடி மாளிகையில் கூடிய காங்கிரஸ், அரிசியையும் மொழியையும் பற்றிக் கவலைப்பட்டதைவிட, குடியரசுத் தலைவர் வேட்பாளர் யார் என்பதற்கே மிகுதியாக மோதிக்கொண்டது. நவம்பரில் கட்சி இரண்டாயிற்று. காமராசர் பழைய காங்கிரசில் நின்றார்.

மூன்றாம் தேர்தல் 1971. இந்திரா காங்கிரஸ் தி. மு. க.வோடு கூட்டுச் சேர்ந்து, தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதி ஒன்றிலும் நிற்காமல் விட்டுக்கொடுத்தது. காமராசர் யாரோடு சேர்ந்தார்? இராஜாஜியின் சுதந்திராக் கட்சியோடு! எவருடைய கல்வித் திட்டத்தைக் கைவிட்டு 1954-இல் மக்கள் மனத்தை வென்றாரோ, அவரோடு மேடையேறினார். காரணத்தை மறந்து கணக்கை மட்டும் போட்ட கூட்டு இது என்பதே என் எண்ணம். பழைய காங்கிரஸ் நூற்றுக்கு 35 வாக்குகள் பெற்றும் 234-இல் 15 இடங்களே வென்றது, தி. மு. க. 184. நாடாளுமன்றத்துக்கு அக்கட்சியின் சார்பில் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர் அவர் ஒருவரே. 1975 அக்டோபர் 2-ஆம் நாள், நெருக்கடி நிலையின் இருளில், காந்தி பிறந்த நாளன்று அவர் கண்மூடினார். 1976-இல் அவர் தோழர்களில் பலர் இந்திராவிடம் சென்றனர். மற்றவர்கள் 1977-இல் ஜனதாவில் கரைந்தனர். அவர் சேர்த்துவைத்த சொத்து ஏதுமில்லை. சேர்த்துவைத்த கட்சியும் இரண்டாண்டு தாங்கவில்லை.

எங்கள் ஊரும் இப்பாடத்தைப் படித்தது. கம்யூனிஸ்டுகள், குடியரசுக் கட்சியினர், அண்ணா தி. மு. க.வினர் எனப் பலரையும் மாறிமாறிச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தமிழர் ஊர் அது. தொழிற்சங்கமே அங்கு அரசியலின் வேர். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. தொழிலாளி இல்லாத சங்கம் என்னாகும்? சைனைடு மேடுகள் நிற்கின்றன. விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் வேலைக்குப் போகிறவர்களின் குறை கேட்கப் பழைய கட்சிகள் அந்த ரயிலில் ஏறவில்லை. 2008 முதல் பாரதீய ஜனதாவும் காங்கிரசுமே அத்தொகுதியை வென்று வருகின்றன.

1967-இல் முடிவு வெளியான நாளைப் பற்றிப் பாட்டனார் ஒன்று சொல்வதுண்டு. பக்கத்து லைன் வீட்டுக்காரர் தி. மு. க. அன்பர், வெடி வைத்துக் கொண்டாடினார். மறுநாள் இருவருக்கும் ஒரே ஷிப்ட். ஒரே கேஜில் நின்று சுரங்கத்துக்குள் இறங்க வேண்டும். தோளோடு தோள் இடிக்க, ஒரு சொல்லும் பேசாமல் இறங்கினார்களாம். உணவு வேளையில் அவர் தம் தூக்குச்சட்டியைத் திறந்து, முதற் பங்கை என் பாட்டனார் பக்கம் நகர்த்தினாராம். பாட்டனார் அதைத் தின்றார், படத்தையும் கழற்றவில்லை.

நண்பர்களே! நம்மிற் சிலர் நாளை கட்சிகளில் சேர்வோம், வெல்வோம், தோற்போம். தோற்ற மறுநாள் கணக்கெழுதும் தாளை எடுக்குமுன், எதற்காகத் தோற்றோம் என்று தெருவில் இறங்கிக் கேட்போம். 1954-இன் காமராசர் அதைச் செய்தார்.